தாழ்ச்சி

'தாழ்' என்னும் வினையடியாகப் பிறந்த இப்பதம், உலக வழக்கில் குறைவையும் இழிவையும் குறிப்பதாயினும், தமிழ்க் கத்தோலிக்கர் நாவிலே அகங்காரத்தை வெல்லும் சற்குணத்தின் நாமமாக உயர்ந்துவிட்டது. பரமத்தி வேலூர்க் கொடிக்கால்களில், அகத்தியைப் பற்றி உச்சிக்கேறிய வெற்றிலைக் கொடியை இறக்கி, அடித்தண்டைச் சுருட்டி மண்ணில் புதைப்பர்; அது புதுவேர் விட்டு மறுபடியும் ஏறும். தாழ்ச்சியும் அத்தகையதே; தாழ்வது மீண்டும் எழுவதற்கே, ஆகையால் சோம்பலை இதனோடு சேர்த்தெண்ணுவது பிழை. இதற்குச் சான்றாக, தத்துவ போதகர் எனப்பட்ட இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி, ரோமாபுரி தம் மறைபரப்பு முறைகளை அங்கீகரித்த 1623ஆம் ஆண்டிலேயே, மதுரையில் கீர்த்தியோடு அமர்ந்துவிடாமல், நம் பக்கத்துச் சேந்தமங்கலம், சேலம் வரை சந்நியாசியாக யாத்திரை செய்தார். 1656இல் மயிலாப்பூரில், பார்வை மங்கிய முதியவராகக் காலமானார்.