சபர் வாழ்வும் நம் குடும்பங்களும்

பினாங்குத் தமிழ் முஸ்லிம்களின் வரலாறு என்றால் கப்பலும் கடையும் பள்ளிவாசலும் நினைவுக்கு வரும். நம் குடும்பங்கள் உருவான வரலாறும் அதோடு சேர்ந்ததே.

1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே குடியேற்றத்தைத் தொடங்கிய காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து நம்மவர் வந்து சேர்ந்தனர். 1801இல் காதர் முகைதீன் தலைமையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அமைந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இங்கேயே தங்கிவிட்டவர்கள் மலாய்ப் பெண்களை நிக்காஹ் செய்தனர். அவர்களின் வழிவந்தோரே ஜாவி பெரானாக்கான் சமூகத்தார்.

நீராவிக் கப்பல்கள் வந்து, போய்வருவது எளிதானதும் வேறொரு வழக்கம் வலுத்தது. நிக்காஹ் ஊரில், வியாபாரம் பினாங்கில். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சபராளி ஊர் வருவார். சில மாதம் இருந்துவிட்டு நாகப்பட்டினத்தில் மீண்டும் கப்பலேறுவார். பிள்ளைகளின் வயதை வரிசையாகச் சொன்னால் வாப்பாவின் பயணக் கணக்கு தெரிந்துவிடும். பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகே அதன் முகம் பார்த்தவர்கள் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்ததும் அந்தப் போக்குவரத்தும் நின்றது. 1945 வரை பணமும் கடிதமும் இன்றி உம்மாமார் பிள்ளைகளை வளர்த்தார்கள். குடும்பத்தைத் தாங்கியது வாப்பாவின் சம்பாத்தியம் மட்டுமல்ல, அவர்களின் பொறுமையும்தான்.

கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் இதில் சற்று மாறுபட்டவை. பெண்களும் உடன் வந்தார்கள். மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்துக்குத் தோள் கொடுத்தார்கள்.

1953இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. 1959இல் மனைவி மக்களை அழைத்து வரும் விதிகளும் கடுமையாயின. ஊரா, பினாங்கா என்று முடிவெடுக்க வேண்டிய நிலை வந்தது. குடும்பத்தை இங்கே கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள் மலேசியராக வளர்ந்தனர். கொண்டுவராதவர்கள் முதுமையில் ஊர் திரும்பினர். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் இரு நாட்டுக்காரர் ஆனதும் இப்படித்தான்.

சபர் வாழ்வு முடிந்துவிடவில்லை. இன்று நம் கடைகளில் பெர்மிட்டில் வேலை செய்யும் ஊர்ப் பிள்ளைகள் மனைவியை அழைத்து வர முடியாது. கைபேசியில் தினமும் குழந்தையின் முகம் பார்க்கிறார்கள்; தூக்கிக் கொஞ்ச முடிவதில்லை. நம் பாட்டனார் பட்ட அதே பிரிவு இது. அவர்கள் ஊர் போக லீவு கேட்கும்போது, வியாபாரிகளாகிய நாம் கடைக் கணக்கை மட்டும் பார்க்க வேண்டாம். நம் வாப்பாமாரின் வரவுக்காக வாசல் பார்த்திருந்த உம்மாமாரையும் நினைத்துப் பார்ப்போம்.

அவர்கள் அனைவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.