காவற்பொருளுக்குக் காவல்

அட்டன் முதல் நுவரெலியா வரையுள்ள தேயிலைத் தோட்டங்களில் வரிசையாக நிற்கும் லயங்களின் கூரையைத் தகரக் கூரை என்பது வழக்கு. உண்மையில் அது தகரமன்று. நாகம் பூசிய நெளி இரும்புத் தகடாகும். ஓயாத மழையிலும் பனியிலும் அவ்விரும்பு பல்லாண்டு துருவாது நிற்பதற்கு நாகமே காரணம். பூச்சிற் கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டாலும், அருகிலுள்ள நாகம் முதலிற் கரைந்து இரும்பைக் காக்கின்றது. 1824 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அம்பிரி தேவி, கப்பல்களின் செப்புத் தகட்டைக் கடல்நீர் அரியாவண்ணம் நாகத் துண்டுகளைப் பொருத்திக் காட்டினார். 1837 இற் பிரான்சியரான சொரெல், இரும்பின்மீது நாகம் பூசும் முறைக்கு உரிமை பெற்றார். தன்னை ஈந்து பிறிதைக் காத்தலே நாகத்தின் இயல்பு.

இவ்வியல்பே நாகத்தை மின்கலத்திற்கும் உரியதாக்கிற்று. நாகம் தன் இலத்திரன்களை எளிதில் விடுவது. அதன் நியம மின்வாய் அழுத்தம் −0.76 உவோற்று. ஒரு கிராம் நாகம் ஏறக்குறைய 820 மில்லி அம்பியர் மணி மின்னை அளிக்கவல்லது. ஆதலின் 1800 இல் உவோற்றா அமைத்த முதல் மின்கலவடுக்கிலேயே அது இடம்பெற்றது. ஆயினும், கூரையில் நன்மையாவது கலத்தில் தீமையாயிற்று. நாகத்தினுட் கலந்திருக்கும் இரும்பு முதலிய மாசுகள் ஒவ்வொன்றும் அதனோடு சேர்ந்து சிறு மின்கலமாகி, வேலை எதுவும் நடவாத பொழுதும் நாகத்தைத் தின்றன. கூரையிற் காக்கப்பட்ட இரும்பே இங்குப் பகையாயிற்று என்க.

இதற்கு முதல் மருந்து இரசம். 1830 இல் வில்லியம் இசுரேசன், இரசம் பூசிய நாகம் வீணே அரிபடுவது குறைதலைக் காட்டினார். 1836 இல் தானியலின் கலமும், 1866 இல் இலக்கிளாஞ்சியின் கலமும், 1886 இற் காசுனரின் உலர்கலமும் தோன்றின. உலர்கலத்தில் நாகமே மின்வாயும் கொள்கலனுமாகும். இரவில் மலைச்சரிவில் நடந்தோர் கையிலிருந்த ‘டோர்ச் லைட்’டை ஒளிரச் செய்தது அதுவே. கலம் பழுதாகிக் கசிவதும் நாகக் குவளை அரிபட்டமையாலேயே. இரசம் நஞ்சாதலின், 1990 களிற் பல நாடுகள் அதனைக் கலங்களிலிருந்து விலக்கத் தொடங்கின. வேறு காவல் தேடவேண்டியதாயிற்று.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் கலத்திலும், மீள மின்னேற்றும் கலத்தில் இடர் மிகுதி. கரைந்த நாகம் மின்னேற்றும்போது மீண்டும் தகட்டிற் படியவேண்டும். அது சமமாகப் படியாது ஊசிமுளைகளாக வளர்ந்து, தடுப்பைத் துளைத்து எதிர்வாயைத் தொட்டுவிடும். நீரிலிருந்து ஐதரசன் வெளிப்படுதலும், அதனால் உண்டாகும் காரத்தன்மையிற் பயனற்ற உப்புப் படலம் படிதலும் ஏனைய இடர்கள். ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சிய நாகத்தின் 99 விழுக்காடு மீளுமாயின், நூறு சுற்றின் முடிவில் 37 விழுக்காடே மிஞ்சும், 99.9 விழுக்காடு மீளுமாயின் 90 விழுக்காடு நிற்கும். சிறு வேறுபாடே கலத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது காண்க. அயர்லாந்தில் யேம்சு திரம் அமைத்த நிக்கல்-நாக மின்கலங்கள் 1932 முதல் 1949 வரை புகையிரதங்களை ஓட்டின. எனினும் அம்முறை உலகிற் பரவவில்லை.

1986 இல் யப்பானிய அறிஞர் யமமோட்டோவும் சோசியும், காரத்தை விடுத்து நாக சல்பேற்றுக் கரைசலில் மீள மின்னேற்றும் கலத்தை அமைத்தனர். 2018 இல் அமெரிக்காவின் மேரிலாந்து ஆய்வாளர், உப்பை மிகச் செறிவாகக் கரைத்து, நீர் மூலக்கூறுகள் நாக அயனைச் சூழாவண்ணம் தடுத்தனர். 2019 இற் கோர்ணெல் பல்கலைக்கழகத்தார், கிராபீன் படலத்தின்மீது நாகம் ஊசியாகாது தட்டையாகப் படியச் செய்தனர். தமிழகத்தில், அழகப்பச் செட்டியார் ஈந்த நிலத்திலும் பொருளிலும் 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953 இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், அரிப்பையும் மின்கலத்தையும் ஒரே கூரையின்கீழ் ஆராய்வது பொருத்தமுடைத்து. இரண்டும் ஒரே வினையின் இரு முகங்களன்றோ!

மலையகத்திற்கு இவ்வாய்வு தொலைவான செய்தியன்று. 1912 இல் விமலசுரேந்திரா நுவரெலியாவின் பிளாக்பூலில் நீர்மின் நிலையம் அமைத்தார். 1950 இல் இலக்சபான நிலையம் இயங்கிற்று. மலையருவிகள் நாட்டிற்கு ஒளி ஈந்த காலத்தும், அம்மலையிற் கொழுந்து பறித்தோரின் லயங்களிற் பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. இனிச் சூரிய மின்னைப் பகலிற் சேமித்து இரவில் எடுக்கும் மின்கலவடுக்கு அங்கும் வேண்டப்படும். இலித்தியக் கலங்களிலுள்ள சேதனக் கரைசல் தீப்பற்றுவது. ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்த அறைகளிற் பல குடும்பங்கள் வாழும் லயத்தில், ஓர் அறையிற் பற்றிய தீ வரிசை முழுவதையும் அழிக்கக் கூடும். நீர்க்கரைசல் எரியாது, நாகமும் விலை குறைந்தது.

ஆயினும் இத்தகைய கலங்கள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுகூடங்களிலேயே உள்ளன. அவை நெடுங்காலம் உழைக்குமாறு நாகத்தைக் காக்கும் வழி உறுதிப்படின், லயத்துக் குடும்பங்கள் அச்சமின்றி அவற்றைத் தம் அறையில் வைத்துக்கொள்ளலாம். மேலே கூரையாய் நின்று நெடுங்காலம் தம்மைக் காத்த நாகமே, அன்று உள்ளே விளக்காகவும் நிற்கும்.