லோடு கணக்கும் எழுத்துப் பயிற்சியும்: வயது வந்தோர் குழுப்பாடத்தில் துறைகள் இணையும் இடம்

1988இல் தொடங்கப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கம், எழுத்தறிவு பெற்றவர் யார் என்பதற்குத் துல்லியமான அளவுகளை வகுத்தது. வாய்விட்டு வாசித்தால் நிமிடத்துக்கு 30 சொற்கள், மனத்துக்குள் வாசித்தால் 35. பார்த்து எழுதுவதற்கும் சொல்லக் கேட்டு எழுதுவதற்கும் தனித்தனி வேகம். எண்கள் 1 முதல் 100 வரை, மூன்றிலக்கக் கூட்டல் கழித்தல், எளிய பெருக்கல் வகுத்தல், பின்னம் தேவையில்லை. இந்த வரையறைக்குள் அடங்காத ஒரு பட்டியலும் கூடவே வந்தது. தேசிய ஒருமைப்பாடு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பெண் சமத்துவம், சிறு குடும்பம் ஆகியவற்றைக் கற்போர் உள்வாங்க வேண்டும் என்றது அது.

வயது வந்தோருக்கான பல்துறைப் பாடம் என்று நம் நாட்டில் பேசப்படுவதில் பெரும்பகுதி இந்தப் பட்டியலின் வழிவந்ததுதான். அறிவியலுக்கு ஒரு பாடம், சுகாதாரத்துக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று என்று வாசிப்புப் பயிற்சியின் மேல் தூவுவது. இடையில் ஒரு பாட்டும் விடுகதையும் சேர்த்துவிட்டால் சுவையான பாடம் என்று பெயர். இதில் துறைகள் அடுக்கப்படுகின்றனவே தவிர இணைவதில்லை. கற்போர் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும் தீராத கணக்கு ஒன்றைப் பாடம் கையிலெடுக்கும்போதுதான் துறைகள் தாமாக ஒன்றையொன்று தேடி வருகின்றன என்பது என் வாதம். அந்தக் கணக்கைப் பற்றிக் கற்பிப்பவரைவிடக் கற்போருக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் முன்நிபந்தனை.

கல் குவாரியில் ஜல்லி உடைக்கும் பெண்களின் மாலை வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூலி லோடு கணக்கில் கிடைக்கிறது. நூறு கன அடி ஒரு யூனிட். லாரிப் பெட்டியின் நீளம் 12 அடி, அகலம் 6 அடி, பலகையின் உயரம் 3 அடி என்றால் தலைதட்டி அளந்தபடி 216 கன அடி. ஆனால் யாரும் தலைதட்டி ஏற்றுவதில்லை, கோபுரமாகத்தான் குவிப்பார்கள். அந்தக் குவியலைச் சராசரியாக அரையடி என்று வைத்துக்கொண்டாலும் 252 ஆகிறது. கூலி தலைதட்டிய அளவுக்கே என்பதால் லோடுக்கு 36 கன அடி கூலியில்லாமல் போகிறது. மூன்று லோடுக்கு 108, அதாவது ஒரு யூனிட்டுக்கும் மேல். ஏதோ குறைகிறது என்பது வகுப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் நெடுநாளாகத் தெரியும். எவ்வளவு என்றுதான் தெரியாது.

இந்த ஒரு கேள்வியிலிருந்து பாடம் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். கன அளவு கணிதம். லோடு எண்ணிக்கையையும் தேதியையும் குறித்துவைப்பது எழுத்து. அந்தக் கூலி போதுமா என்று கேட்டால் குறைந்தபட்சக் கூலி பற்றிய சட்டம் உள்ளே வரும். உடைக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலில் என்ன செய்கிறது என்று யாராவது இருமிக்கொண்டே கேட்பார். சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைப் பற்றிப் பேசியாக வேண்டும். பாடத்திட்டக் குழு எதையும் இணைக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன அரசு வரையறையில் கன அளவும் கிடையாது, பின்னமும் கிடையாது. கற்போரின் தேவை தேர்வின் எல்லையைத் தாண்டியிருக்கிறது. வயது வந்தோருக்கு எளிமையாக்கித் தர வேண்டும் என்ற அனுதாபம் பல நேரம் அவர்களுக்கு வேண்டியதையே வெட்டிவிடுகிறது.

என் வாதத்துக்கு வரலாற்றுச் சான்று அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலத்தில் உள்ள ஜான்ஸ் தீவில் கிடைக்கிறது. அங்கே கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் மாநில அரசியலமைப்பின் பகுதியொன்றை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. தீவில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த ஈசா ஜென்கின்ஸ் முன்முயற்சி எடுக்க, டென்னசியின் ஹைலாண்டர் பள்ளியும் கல்வியாளர் செப்டிமா கிளார்க்கும் துணைநிற்க, 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்கட்டில் இரவு வகுப்பு தொடங்கியது. ஆசிரியையாக வந்த பெர்னிஸ் ராபின்சன் அழகுநிலையம் நடத்தியவர்; ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். வேண்டுமென்றேதான் அப்படி ஒருவரைத் தேர்ந்தார்கள். முதலில் பள்ளிக் குழந்தைகளின் பாடக் கருவிகளைக் கொண்டுபோனார். வளர்ந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று கண்டதும் ஒதுக்கிவிட்டு, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், பணவிடைப் படிவம் நிரப்ப வேண்டும், அஞ்சலில் பொருள் வரவழைக்கும் படிவம் எழுத வேண்டும், வாக்காளர் பதிவுக்கு வேண்டியதை வாசிக்க வேண்டும் என்றார்கள். அவையே பாடமாயின. குடிமையியல், கணக்கு, மொழி என்று அங்கே மணியடித்து வகுப்பு மாறவில்லை. அந்த மாதிரி பிறகு தென்மாநிலங்கள் முழுவதும் குடியுரிமைப் பள்ளிகளாகப் பரவியது.

நமக்கு நெருக்கமான சான்று புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் ஊதியமில்லாத் தொண்டர்களும் நடத்திய அந்த இயக்கத்தில், எழுத்தோடு சைக்கிள் ஓட்டுவதும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். பாடத்தை வடிவமைக்கும் எவருக்கும் மேசையில் உட்கார்ந்தபடி இது தோன்றியிருக்காது. அதே மாவட்டத்தில் கல் குவாரிகள் பல பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. கணக்கு வைப்பது அவர்களுக்கு அப்போது பயிற்சி அல்ல, பிழைப்பு. இத்தனைக்கும் எழுத்தறிவு அளவுகோலில் சைக்கிளுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. புதுக்கோட்டையைப் பற்றி வெளியுலகம் இன்றும் நினைவில் வைத்திருப்பது அந்தச் சைக்கிளைத்தான்.

சைக்கிளைச் சுவையூட்டும் செயல்பாடாகப் புரிந்துகொள்வது தவறு. மாலையில் வகுப்புக்குப் போய்த் திரும்புவது, சந்தைக்குப் போவது, தண்ணீர்க் குடம் கொண்டுவருவது எல்லாம் யாருடைய தயவிலும் இல்லை என்று ஆனபிறகு கற்பதற்கான நேரமே வேறாகிறது. ஈடுபாடு வேண்டும் என்று நாடகமும் பாட்டும் சேர்ப்பவர்கள், அசதியோடு வரும் ஒருத்திக்கு நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதை அரிதாகவே கேட்கிறார்கள்.

இனி என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு. கணக்கும் வழக்குமாக விவாதம் சூடாகப் போகும். எழுத்து மட்டும் மனத்தில் தங்காது. ஆறு மாதத்தில் எல்லாம் மறந்துபோகும் என்பார்கள். இது உண்மை. ஒருங்கிணைந்த பாடத்தின் ஆர்வலர்கள் இதை மழுப்புகிறார்கள். 'லோடு' என்ற சொல்லையே பாருங்கள். ஓகாரக் குறி எழுத்தின் முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கிறது. பென்சில் பிடித்துப் பழகாத கைக்கும் புதிய கண்ணுக்கும் அது தொல்லை. 'ஜல்லி' கிரந்த எழுத்தில் தொடங்குகிறது. 'கூலி'யில் வரும் ஊகாரம், பிற மெய்களோடு சேரும்போது வேறு வேறு உருவம் கொள்கிறது. வாழ்க்கைக்கு மிக வேண்டிய சொற்கள் எழுத்துமுறைக்கு மிகக் கடினமானவையாக இருப்பது தற்செயல்தான்; ஆனாலும் பாடம் வகுப்பவர் அதைத் தவிர்க்க முடியாது. பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரேயிரேயை வணங்காத முதியோர் கல்விக் கட்டுரை அரிது. அவர் ஊர்ச் சொற்களைத் திரட்டியபின் பொருளின் கனத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, ஒலிக் கடினத்தையும் பார்த்தே வரிசைப்படுத்தினார் என்பதை வணங்குவோரில் பலர் சொல்வதில்லை.

ஆகவே எழுத்துப் பயிற்சி தனியே இருக்கட்டும். தினமும் இருபது நிமிடம், 'படி', 'வட்டி', 'பட்டா' என்று எளிய வரிசையில், சலிப்பாக இருந்தாலும் பாதகமில்லை. வளர்ந்தவர்கள் சலிப்பைத் தாங்குவார்கள், அவமானத்தைத்தான் தாங்கமாட்டார்கள். மீதி நேரம் லோடு கணக்குக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் இரண்டுமே கெடும்.

குழுவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே ஐந்தாம் வகுப்புவரை படித்த ஒருத்தி இருந்தால் எழுதும் வேலை அவளிடம் போய்விடும். மற்றவர்கள் கணக்கைச் சொல்வார்கள், அவள் எழுதுவாள். பாடம் முடிந்ததாகத் தோன்றும். பென்சில் கைமாறும் வழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்தாவிட்டால் பிறகு ஏற்படுத்துவது கடினம். வாய்க்கணக்கில் தேர்ந்த மூத்த பெண்கள் இங்கே பெரும் துணை. தாளில் பெருக்கி வந்த விடையைச் சரிபார்க்கும் அதிகாரத்தை அவர்களிடம் கொடுத்தால், எழுதத் தெரிந்தவளின் மேலாதிக்கம் தானே குறையும்.

2022இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் அடிப்படை எழுத்தும் எண்ணும், முக்கிய வாழ்க்கைத் திறன்கள், தொழில் திறன், அடிப்படைக் கல்வி, தொடர் கல்வி என ஐந்து கூறுகளை வைத்திருக்கிறது. நோக்கம் அகலமானது. ஆனால் அதன் அடிப்படைத் தேர்வு வாசிப்பு, எழுத்து, எண் என்று 150 மதிப்பெண்ணை மூன்றாகப் பிரித்துத் தனித்தனியாகவே அளக்கிறது. அளக்கப்படாதது கற்பிக்கப்படாது என்பதைத் தன்னார்வலர்கள் விரைவில் கண்டுகொள்வார்கள். தேர்வைக் கைவிடச் சொல்லவில்லை; தனிநபர் வாசிப்புக்கு அது வேண்டும். கூடவே ஒரு குழு வினா சேர்க்கலாம். அந்த ஊரின் உண்மையான ரசீது ஒன்றையோ கூலிச் சீட்டையோ கொடுத்து, அதில் உள்ள பிழையைக் கண்டுபிடித்து, யாரிடம் முறையிடுவது என்று தீர்மானித்து, ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்லலாம். வினாத்தாளை மாநிலத் தலைநகரில் அச்சடிக்க முடியாது, ஒவ்வொரு மையமும் தன் ரசீதைத் தானே தேட வேண்டும் என்பது நிர்வாகத்துக்குத் தலைவலிதான். லாரிப் பெட்டியை அளக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற நில அளவையரோ கொத்தனாரோ மாதம் ஒருநாள் மையத்துக்கு வர வேண்டியிருக்கும். அவருக்குப் போக்குவரத்துச் செலவைக்கூடத் தராமல் இந்த மாற்றத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.