மெல்போர்ன் கோப்பை: எடை சுமந்து வென்ற குதிரைகள்

மெல்போர்ன் கோப்பை என்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைநகரான மெல்போர்னில், பிளெமிங்டன் பந்தயத் திடலில் நடைபெறும் குதிரைப் பந்தயமாகும். 1861ஆம் ஆண்டு தொடங்கிய இப்பந்தயம் இப்போது ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமையன்று நடக்கிறது. தொடக்கத்தில் பந்தயத் தொலைவு 2 மைல். 1972 முதல் 3200 மீட்டர். இன்று அதிகபட்சம் 24 குதிரைகள் ஓடுகின்றன. அன்று மெல்போர்ன் நகருக்குப் பொது விடுமுறை. குதிரைப் பந்தயத்தில் நாட்டமில்லாதவர்கள்கூட அந்த மூன்று நிமிடங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பது வழக்கம்.

இக்கோப்பையை வென்ற குதிரைகள் பல. அவற்றுள் சில மட்டும் மக்கள் நினைவில் நிலைத்ததற்குக் காரணம் வேகம் மட்டுமன்று. அவை எவ்வளவு எடையைச் சுமந்து வென்றன என்பதும் முக்கியக் காரணமாகும்.

எடை முறை

சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களையொட்டி மாட்டு வண்டிப் பந்தயங்கள் நடக்கும். அவற்றில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு எனப் பிரிவுகள் உண்டு. பெரிய மாட்டோடு பூஞ்சிட்டு மாட்டை ஓட விடுவதில்லை. ஒத்த வலு உள்ளவை தமக்குள் மோதுவதே நியாயம் என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

மெல்போர்ன் கோப்பை அதே நியாயத்தை வேறு வழியில் தேடுகிறது. இங்கே வலுவான குதிரையும் எளிய குதிரையும் ஒரே பந்தயத்தில் ஓடுகின்றன. ஆனால் முன்பு நன்றாக ஓடிய குதிரைக்குக் கூடுதல் எடையும், அவ்வளவாகச் சாதிக்காத குதிரைக்குக் குறைந்த எடையும் விதிக்கப்படும். குதிரையோட்டியான ஜாக்கியின் உடல் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து விதித்த அளவுக்குக் குறைந்தால், ஈயத் தகடுகளைச் சேணத்தில் செருகிச் சரிக்கட்டுவார்கள். இம்முறைக்கு 'ஹேண்டிகேப்' என்று பெயர். அதாவது, இன்று வென்றால் நாளை சுமை கூடும். ஒரே குதிரை இரண்டாம் முறை வெல்வது ஏன் அரிது என்பதற்கு விடை இதுவே.

ஆர்ச்சர் (1861, 1862)

முதல் பந்தயத்தில் 17 குதிரைகள் ஓடின. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்த ஆர்ச்சர் வென்றது. அதன் பயிற்சியாளர் எத்தியென் டி மெஸ்டர், ஜாக்கி ஜான் கட்ஸ். நௌரா என்ற ஊரிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தூரத்தை ஆர்ச்சர் நடந்தே கடந்து வந்து வென்றதாக ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. உண்மையில் அது சிட்னியிலிருந்து நீராவிக் கப்பலில் வந்தது.

முதல் ஆண்டில் 60.3 கிலோ சுமந்த ஆர்ச்சர், மறு ஆண்டில் 64.4 கிலோ சுமந்து மீண்டும் வென்றது. 1863இல் அதற்கு 71.7 கிலோ விதிக்கப்பட்டது. அந்தச் சுமையையும் ஏற்று ஓடுவதாக டி மெஸ்டர் தந்தி அனுப்பினார். மெல்போர்னில் அன்று விடுமுறை நாள் என்பதால் தந்தி கெடு முடிந்த பிறகே உரியவர்களிடம் சேர்ந்தது. ஆர்ச்சர் ஓட அனுமதிக்கப்படவில்லை. இதைக் கண்டித்து வேறு சில உரிமையாளர்களும் தம் குதிரைகளை விலக்கிக்கொண்டனர். அவ்வாண்டு ஏழு குதிரைகள் மட்டுமே ஓடின.

பிரிசெயிஸ் (1876)

கோப்பையை வென்ற முதல் இளம் பெண் குதிரை பிரிசெயிஸ். மூன்று வயதுக் குதிரை என்பதால் அதற்கு விதிக்கப்பட்ட எடை ஏறத்தாழ 40 கிலோ மட்டுமே. அவ்வளவு குறைந்த எடையில் ஓட்டப் பெரியவர்களால் இயலாது. எனவே பீட்டர் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற பெயரில் ஓட்டிய, பதின்மூன்று வயது நிரம்பாத சிறுவன் ஒருவன் சேணத்தில் அமர்ந்தான். அவனே இக்கோப்பையை வென்ற மிக இளைய ஜாக்கி. குறைந்த எடை என்னும் ஏற்பாடு சிறுவர்களை ஆபத்தான தொழிலுக்குள் இழுத்தது என்பதையும் இந்த வெற்றி காட்டுகிறது.

கார்பைன் (1890)

நியூசிலாந்தில் பிறந்த கார்பைன் மொத்தம் 43 பந்தயங்களில் ஓடி 33இல் வென்றது. 1889ஆம் ஆண்டுக் கோப்பையில் இரண்டாவதாக வந்தது. 1890இல் அதற்கு 65.8 கிலோ விதிக்கப்பட்டது. அவ்வாண்டு 39 குதிரைகள் ஓடின. இக்கோப்பையின் வரலாற்றில் அதுவே மிகப் பெரிய கூட்டம். இரண்டாவதாக வந்த ஹைபார்ன், கார்பைனைவிட 24 கிலோ குறைவாகச் சுமந்தது. அப்படியிருந்தும் கார்பைன் முந்தியதோடு, அன்றுவரை இருந்த நேரச் சாதனையையும் முறியடித்தது. அவ்வளவு எடையுடன் அதற்குப் பின் எந்தக் குதிரையும் இக்கோப்பையை வென்றதில்லை.

கார்பைனுக்குக் காதில் மழைநீர் படுவது பிடிக்காது என்றும், அதற்காகப் பயிற்சியாளர் வால்டர் ஹிக்கன்பாத்தம் தலைக்கு மேல் சிறு குடை போன்ற ஒன்றைப் பொருத்தினார் என்றும் சொல்வார்கள். பின்னர் இங்கிலாந்துக்கு விற்கப்பட்ட கார்பைனின் மகன் ஸ்பியர்மின்ட், 1906இல் எப்சம் டெர்பி பந்தயத்தை வென்றது.

ஃபார் லாப் (1930)

ஆஸ்திரேலியாவின் மிகப் புகழ்பெற்ற குதிரை ஃபார் லாப். இதுவும் நியூசிலாந்தில் பிறந்ததே. தாய் மொழியில் மின்னலைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 160 கினி என்ற மலிவான விலைக்கு வாங்கப்பட்ட குதிரை இது. ஹாரி டெல்ஃபோர்ட் பயிற்சியளித்தார்.

1930இல் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் ஆஸ்திரேலியாவையும் வாட்டியது. வேலையிழந்த எளிய மக்கள் ஃபார் லாபைத் தங்கள் குதிரையாகவே கருதினர். கோப்பைக்கு மூன்று நாள் முன்பு, நவம்பர் 1ஆம் தேதி, காலைப் பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் காரில் வந்தவர்கள் அதை நோக்கித் துப்பாக்கியால் சுட்டனர். குறி தவறியது. பந்தய நாளில் ஜிம் பைக் ஓட்ட, 62.6 கிலோ சுமந்து ஃபார் லாப் எளிதாக வென்றது. மறு ஆண்டு அதற்கு 68 கிலோ விதிக்கப்பட்டது. எட்டாவதாகவே வர முடிந்தது.

1932 மார்ச்சில் மெக்சிகோவில் நடந்த அகுவா கலியன்டே பந்தயத்தை வென்ற ஃபார் லாப், அடுத்த மாதம் 5ஆம் தேதி கலிஃபோர்னியாவில் திடீரென இறந்தது. பிற்காலத்தில் அதன் மயிரை ஆராய்ந்த அறிவியலாளர்கள் ஆர்சனிக் நஞ்சின் தடயத்தைக் கண்டனர். அது வேண்டுமென்றே கொடுக்கப்பட்டதா, அக்காலத்து மருந்துகளின் வழியே சேர்ந்ததா என்ற விவாதம் ஓயவில்லை. பதப்படுத்தப்பட்ட அதன் உடல் மெல்போர்ன் அருங்காட்சியகத்திலும், எலும்புக்கூடு நியூசிலாந்தின் வெலிங்டனிலும், 6.2 கிலோ எடையுள்ள இதயம் கான்பெராவிலும் காக்கப்படுகின்றன.

பிற்கால வெற்றியாளர்கள்

1974இல் 53 கிலோவுடன் வென்ற திங்க் பிக், 1975இல் 58.5 கிலோவுடன் மீண்டும் வென்றது. அதன் உரிமையாளர்களுள் ஒருவர் மலேசியத் தொழிலதிபர் தான் சின் நாம். பயிற்சியாளர் பார்ட் கம்மிங்ஸ், 1965 முதல் 2008 வரை 12 முறை இக்கோப்பையை வென்றவர்.

1983இல் வென்ற கிவி, நியூசிலாந்தின் ஆட்டுப் பண்ணை ஒன்றில் வளர்ந்த குதிரை. விலை 1000 டாலர். கடைசி வளைவில் பின்வரிசையில் கிடந்து, நேர்ப்பாதையில் எல்லாவற்றையும் முந்தியது. 1993இல் அயர்லாந்தின் விண்டேஜ் கிராப் வென்றது. வட அரைக்கோளத்தில் பயிற்சி பெற்று வந்து வென்ற முதல் குதிரை அது. அதன்பின் இக்கோப்பை உலகப் பந்தயமாக மாறியது. 2006இல் ஜப்பானின் டெல்டா ப்ளூஸ் வென்றது.

மூன்று முறை வென்ற ஒரே குதிரை மகைபி டீவா (2003, 2004, 2005). சூரை மீன் தொழில் செய்த டோனி சான்டிச், தம்மிடம் பணிபுரிந்த ஐந்து பெண்களின் பெயர்களிலிருந்து முதல் ஈரெழுத்துகளை எடுத்துக் கோத்து இப்பெயரை இட்டார். மூன்று வெற்றிகளிலும் ஜாக்கி கிளென் பாஸ். முதல் ஆண்டில் 51 கிலோ, அடுத்து 55.5 கிலோ, பின்னர் 58 கிலோ என ஆண்டுதோறும் சுமை ஏறியும் அது தோற்கவில்லை. 58 கிலோ என்பது பெண் குதிரை ஒன்று சுமந்து வென்ற அளவில் சாதனையாகும்.

2015இல் பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் குதிரையை ஓட்டிய மிஷெல் பெய்ன், இக்கோப்பையை வென்ற முதல் பெண் ஜாக்கி ஆனார். அக்குதிரை வெல்லும் என்று நம்பியவர் மிகச் சிலரே. டவுன் நோய்க்குறி உள்ள அவருடைய அண்ணன் ஸ்டீவி பெய்ன்தான் அக்குதிரையைப் பராமரித்தவர். தொடக்க இடத்துக்கான குலுக்கலில் முதலாம் எண்ணை எடுத்ததும் அவரே.

தமிழகத் தொடர்பு

ஆஸ்திரேலியக் குதிரைகள் தமிழகத்துக்குப் புதியவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியப் படைகளுக்காக நியூ சவுத் வேல்ஸிலிருந்து குதிரைகள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தன. வேல்ஸ் என்ற ஊர்ப்பெயரை ஒட்டி அவற்றுக்கு 'வேலர்' என்ற பெயர் அமைந்தது. சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயம் நெடுங்காலம் நடந்தது. செட்டிநாட்டு அரசர் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஏ.எம். ராமசாமி (1931–2015) நாடறிந்த பந்தயக் குதிரை உரிமையாளராகவும் மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் தலைவராகவும் விளங்கினார்.

பந்தயத்தில் பணம் கட்டுவதைத் தடை செய்யத் தமிழக அரசு 1974இல் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டமே என்று 1996இல் தீர்ப்பு வந்தது. ஆயினும் பந்தயத்தில் பணம் இழந்து நொடித்த குடும்பங்கள் உண்டு என்பதை மாணவர்கள் மறக்கலாகாது.

குதிரைகள் தரும் விலை

2014ஆம் ஆண்டுக் கோப்பையில் மிக அதிக எடையான 58.5 கிலோவைச் சுமந்த ஜப்பானியக் குதிரை அட்மையர் ரக்தி, பந்தயம் முடிந்து கொட்டடிக்குத் திரும்பியதும் விழுந்து இறந்தது. 2019இல் எப்சம் டெர்பியை வென்றிருந்த ஆன்டனி வான் டைக், 2020ஆம் ஆண்டுக் கோப்பையில் கால் எலும்பு முறிந்ததால் கருணைக் கொலை செய்யப்பட்டது. அதன்பின் வெளிநாட்டுக் குதிரைகளின் கால்களை ஸ்கேன் செய்து பார்த்த பிறகே ஓட விடுவது உள்ளிட்ட கடுமையான விதிகள் வந்தன. பந்தயமே வேண்டாம் என்ற குரலும் ஆஸ்திரேலியாவில் வலுத்து வருகிறது.

விதிக்கப்பட்ட எடையை ஏற்பதா, விலகுவதா என்று முடிவு செய்பவர் உரிமையாளர். அந்த எடையைச் சுமப்பது குதிரை. வெற்றியாளர் பட்டியலை வாசிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உள்ள எடையையும் சேர்த்து வாசித்தால்தான் இப்பந்தயத்தின் வரலாறு முழுமையாகப் புரியும்.