ஆணையிட்டால்: ஒரு வினையெச்சத்தின் வரலாறு

1965 பொங்கலுக்கு வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் 'நான் ஆணையிட்டால்' பாட்டை எழுதியவர், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த வாலி. இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி, குரல் டி.எம்.எஸ். ரசிகர்களுக்கு அது வேதவாக்கு. நம் பக்கத்து ஆட்களுக்கு மலிவான கதாநாயக வழிபாடு. இரண்டு தரப்புமே அதை ஒரு பிரதியாக வாசித்ததாகத் தெரியவில்லை.

'இட்டால்' நிபந்தனை வினையெச்சம். தனியாக நிற்காது, முடிக்க இன்னொரு வினை வேண்டும். பாட்டு முழுக்க இந்த 'ஆல்' மேல்தான் நிற்கிறது. அதிகாரம் கைக்கு வரவில்லை. வந்தால் ஏழைகள் படும் பாடு தீரும். 'ஆணை'க்கும் இரண்டு முகம். கட்டளையும் அதுதான், 'ஆத்தா மேல ஆணை' என்கிற சத்தியமும் அதுதான். சனங்கள் சத்தியமாகவே கேட்டார்கள். ஆனால் எழுவாய் 'நான்'. ஏழைகள் அதில் எதையும் செய்வதில்லை; அவர்களுக்குச் செய்யப்படுகிறது.

காட்சியைப் பாருங்கள். பயந்தாங்கொள்ளி ராமுவை அக்காள் புருஷன் சவுக்கால் அடக்கி வைத்திருக்கிறார். ராமு இடத்துக்கு வரும் இரட்டையன் இளங்கோ அதே சவுக்கைப் பிடுங்கி அடித்தபடி பாடுகிறான். சாணிப்பாலும் சவுக்கடியும் கண்ட கீழத்தஞ்சை முதுகுகளுக்கு அந்தக் காட்சி தந்த நிம்மதியைக் கேலி பேச நமக்கு உரிமை இல்லை. ஆனாலும் சவுக்கு கை மாறியதே தவிர, யாரும் அதைத் தூக்கிக் காவிரியில் எறியவில்லை.

தேர்தலில் நிற்பது என்று தி.மு.க. முடிவெடுத்தது 1956 மே மாதத் திருச்சி மாநாட்டில். 1967இல் ஆட்சி. கட்சி உடைந்து, 1977இல் எம்.ஜி.ஆரே முதல்வர். வாலியின் எச்சத்தை முற்றாக்கியவர்கள் ஓட்டுச்சாவடி வரிசையில் நின்ற சனங்கள்.

அப்புறம்? காமராசர் காலத்து மதிய உணவை விரிவாக்கி, 1982 ஜூலை 1இல் திருச்சிக்குப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகள் வயிறு நிறைந்தது. 1981இல் மதுவிலக்கு நீங்கிச் சாராயக்கடை திறந்ததும் ஆணைதான். 1980இல் வடஆற்காடு, தருமபுரிப் பக்கம் 'மோதல்' என்ற பேரில் நக்சல்பாரி இளைஞர்கள் சுடப்பட்டதும் அதே ஆட்சியில்தான். ஏழைகளுக்கு எதிராகப் போன ஆட்சியை ஏழைகளே ஏன் தாங்கிப் பிடித்தார்கள் என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் கேட்டார். அந்நூல் பிறகு தமிழில் 'பிம்பச் சிறை' என்று வந்தது. திரை கட்டிய பிம்பம் என்பது அவர் விடை. அதோடு இந்த இலக்கணத்தையும் சேர்க்க வேண்டும். 'நான்' எழுவாயாக இருக்கும்வரை சோறும் ஆணையாகத்தான் வரும், கொடையாகத்தான் வரும். கொடுத்தவன் கையைக் கணக்குக் கேட்க யாருக்கும் வாய் வராது.

2025 குடியரசு நாளில் 'ஜன நாயகன்' பட விளம்பரம் வந்தது. விஜய் கையில் சவுக்கு, கூடவே அதே இரண்டு சொற்கள். அந்தச் செப்டம்பரில் அவர் தமது பிரச்சாரப் பயணத்தைத் தொடங்கிய ஊரும் திருச்சிதான். அறுபது வருசம் ஆச்சு. நடிகர் மாறினார், கட்சி மாறியது, எச்சம் அப்படியே இருக்கிறது.

'நான்' என்பதை 'நாம்' ஆக்க ஒரே எழுத்துத்தான் மாற வேண்டும். அதைப் பாட்டாசிரியர் யாரும் எழுதித் தரமாட்டார். அப்படியே மாற்றிவிட்டாலும், அந்தச் சவுக்கை என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வி பாக்கி.