ஒரு தங்கச்சிக்காக 30 வருஷம்

ஒரகடத்துல ஷிப்ட் முடிச்சு, வண்டலூர் வழியா அடையாறு போய், ரத்தப்புற்று வந்த தங்கச்சிக்குத் துணையா ராத்திரி முழிச்சிருந்த நாட்கள்ல படிச்சது மக்களே.

அந்த ஆஸ்பத்திரியே ஒரு தங்கச்சியால வந்ததுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தராம்பாள் 1923-ல் புற்றுநோயால் இறந்தார். முதல்ல சீதபேதின்னு நினைச்சுதான் வைத்தியம் நடந்திருக்கு. அக்காவோ 1912-லயே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் பட்டம் வாங்கினவர். இருந்தும் காப்பாத்த முடியல. (இந்த இடத்துல புத்தகத்தை மூடி வெச்சுட்டேன்.) 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் 12 படுக்கையோட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆரம்பமாச்சு.

தங்கச்சிக்கு ஏத்தற மஞ்சள் மருந்து மெத்தோட்ரெக்சேட். அதுக்குப் பின்னாடியும் அதே காலேஜ்காரர்தான்! எல்லப்பிரகட சுப்பாராவ். ஸ்புரூங்கற குடல் நோய்க்கு உடன்பிறந்தவங்களைப் பறிகொடுத்தவர். அமெரிக்காவுல லெடர்லி கம்பெனியில் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையா தயாரிச்சுது. அப்புறம் அதைத் தடுக்கிற மருந்துகளையும். புற்று செல் பெருக ஃபோலிக் அமிலம் வேணும், அதான் விஷயம். அதுல ஒண்ணான அமினோப்டெரினை பாஸ்டன்ல டாக்டர் சிட்னி ஃபார்பர் லுகேமியா குழந்தைகளுக்குக் கொடுத்தார். கொஞ்ச நாளைக்காவது நோய் அடங்குச்சுன்னு 1948-ல் எழுதினார். சுப்பாராவ் இறந்ததும் அதே வருஷம்தான். மெத்தோட்ரெக்சேட் அமினோப்டெரினோட பங்காளி.

ட்ரிப் ஓடும்போது இதெல்லாம் தங்கச்சிகிட்ட சொன்னேன்.

"முப்பது வருஷம் ஆகியும் மறக்கலையாண்ணா அவங்க?"ன்னு கேட்டா.