பனிக்கட்டியின்மேற் காத்திருந்தோர்

வேட்டையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் துரத்தலையும் எறிதலையும் வீழ்த்தலையுமே விரித்துரைப்பர். வேட்டுவன் அசைவின்றிக் காத்திருந்த நெடும்பொழுது அவர்தம் ஏடுகளில் ஒரு வரிக்குமேல் இடம்பெறுவதில்லை. ஆயின், கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிற் மக்களின் குளிர்கால வேட்டையை ஆராயுமிடத்து, அக்காத்திருப்பே வேட்டையின் பெரும்பகுதி என்பது புலனாகும். உறைகடலின்மீது அசையாதிருந்தும் உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும் வித்தையே அவர்தம் வாழ்வுக்கு ஆதாரமாய் நின்றது.

சீல் எனப்படும் கடல்நாய் காற்றைச் சுவாசிக்கும் பிராணி. கடல் உறையுங்காலத்து அது தன் முன்துடுப்பு நகங்களாற் பனிக்கட்டியைக் கீறிப் பல துளைகளைத் திறந்து வைத்து, மாறிமாறி அவற்றில் வந்து மூச்சு வாங்கும். துளையின்மேல் வெண்பனி மூடிக்கிடப்பதால் மனிதன் கண்ணுக்கு அது தோன்றாது. நாயின் மோப்பமே அதனைக் காட்டிக்கொடுக்கும். எத்துளைக்கு எப்பொழுது கடல்நாய் வரும் என்பதை எவரும் அறியார். ஆதலின் வேட்டுவர் பலர் ஒருங்கு சென்று ஆளுக்கொரு துளையருகே நிலைகொள்வர். மெல்லிய எலும்பூசியையோ இறகின் தூவியையோ துளையில் நிறுத்தி, அஃது அசையும் கணத்தை நோக்கியிருப்பர். சிறிய காலடியோசையும் பனிக்கட்டியினூடே நீருக்குட் கேட்கும். ஆகவே காலை உதறவும் கையைத் தட்டவும் இயலாது. குளிரை வெல்ல மனிதன் இயல்பாகச் செய்யுஞ் செயல்கள் யாவும் இங்கே விலக்கப்பட்டன. குளிரோ, தை மாசி மாதங்களிற் சுழியத்துக்குக் கீழ் 30 சதமபாகையையும் கடந்து செல்லும். காத்திருப்பு சில மணி நேரம் நீளும். சிலவேளை ஒரு பகல் முழுவதும் நீளும்.

வெறுங்கையுடன் திரும்பினால் இழப்பது உணவு மட்டுமன்று. மரமற்ற அந்நாட்டில் கடல்நாயின் கொழுப்பே மாக்கல் விளக்கின் எண்ணெய். அவ்விளக்கே பனியை உருக்கிக் குடிநீர் தந்தது, பனிவீட்டுக்கு வெப்பமூட்டியது, ஈர ஆடையையும் உலர்த்தியது.

இம்மக்கள் குளிரை உணராத உடலியல்பினர் என்று எழுதிச்சென்ற ஐரோப்பியர் உளர். இது சிந்திக்கச் சோம்பியவர் கூறும் விளக்கம். அவர்தம் ஆடையை ஒருமுறை கூர்ந்து நோக்கினாற் போதும். கரிபூ என்னும் துருவ மானின் மயிர் ஒவ்வொன்றினுள்ளும் காற்றறைகள் உண்டு. அம்மானின் தோலால் இரண்டு அங்கிகள் தைக்கப்பட்டன. உள்ளங்கியின் மயிர் உடலை நோக்கியும் வெளியங்கியின் மயிர் புறத்தை நோக்கியும் அமைந்தன. முன்புறத்திலே திறப்பில்லை, தலைவழியே அணிந்துகொள்வர். வண்டியோடு ஓடுங்கால் முக்காட்டைப் பின்தள்ளினால் உள்ளே தேங்கிய வெப்பம் கழுத்து வழியே வெளியேறும். உட்காருங்கால் அதனை இழுத்து மூடினால் அவ்வெப்பம் உள்ளேயே தங்கும். தோள் அகன்றிருந்தமையாற் கைகளைச் சட்டைக்கையிலிருந்து உருவி மார்போடு அணைத்துக்கொள்ளவும் முடிந்தது. நடக்கையில் வியர்த்தவன் உட்கார்ந்தபின் உறைவான் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். வீடு புகுமுன் ஆடையிற் படிந்த வெண்பனியைக் கோலால் அடித்து உதிர்ப்பதும் இதனாலேயே: உட்புற வெப்பத்தில் அஃது உருகித் தோலை நனைத்துவிட்டால் மறுநாள் அவ்வாடை பயன்படாது.

காலுக்கடியில் ஒரு மயிர்த்தோலை விரித்தல் எங்கும் வழக்கம். அது குளிரைத் தடுப்பதோடு ஓசையையும் அடக்கிற்று. நெற்சிலிக் குழுவினர் குனிந்து நின்றே காத்திருப்பர். 1883-84இற் பஃபின் தீவில் வாழ்ந்து ஆராய்ந்த பிரான்சு போவாசு, நெடுநேரம் காத்திருக்க நேரின் காற்றுத்திசையிற் பனிச்சுவர் எழுப்பிப் பனிக்கட்டியை இருக்கையாக்கி அமர்வதையும், தன்னையறியாத அசைவையும் தடுக்கக் கால்களை வாரினாற் பிணைத்துக்கொள்வதையும் எடுத்துரைக்கிறார்.

இவ்வளவும் ஆடவர் திறமாகவே பேசப்படுகின்றன. ஊசியேந்திய பெண்ணை மறந்து இவ்வரலாற்றை எழுதுதல் பொருந்தாது. கோடைக்கடைசியில் வீழ்த்திய மானின் தோலே ஆடைக்குச் சிறந்தது. முன்னரெனின் மயிர் போதாது, மிகப் பின்னரெனின் ஆடை பாரமாகும். தோலைச் சுரண்டி மென்மையாக்கி நரம்பு நூலாற் காற்றுப்புகாது தைத்தவர் மகளிரே. ஒரு தையல் விட்டுப்போயின் துளையருகே நின்றவன் விரலை இழக்கக்கூடும். 1923இல் நெற்சிலிக் மக்களிடையே தங்கிய நுட் றசுமுசன் ஒரு விலக்கையும் பதிவுசெய்துள்ளார்: கடல்நாய் வேட்டைக்குப் பனிக்கடலிற் குடியேறியபின் கரிபூத் தோலைத் தைத்தலாகாது, தைப்பின் கடல்வாழ் உயிர்களை ஆளும் நூலியாயுக் என்னும் தெய்வமகள் சினந்து அவற்றை மறைத்துவிடுவாள். இவ்விலக்கு வசதிக்காகவே புனையப்பட்டது என்று கூறத் துணியேன். நம்பிக்கையை அவ்வாறு கணக்கிட்டுக் குறுக்குதல் தகாது. எனினும், இருள்மிகு காலம் தொடங்குமுன் ஒவ்வொருவர் ஆடையும் முடிந்திருக்கவேண்டும் என்னும் கட்டாயம் அதனால் நிலைபெற்றது.

இதே கடற்பரப்பை நோக்கி 1845இற் சேர் யோன் பிராங்கிளின் இரு கப்பல்களுடன் புறப்பட்டார். 1848 ஏப்பிரலில், உயிரோடிருந்த 105 பேர் பனியிற் சிறைப்பட்ட கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கே நடந்தனர். ஒருவரும் மீளவில்லை, மாண்டோர் மொத்தம் 129 பேர். உடை ஒன்றே அவர்களைக் கொன்றது என்பது மிகை. நோயும் பட்டினியும் பனியின் கொடுமையும் அதிற் பங்குகொண்டன. அத்துணைப் பெருங்கூட்டத்தைத் துளையருகே காத்திருந்து ஊட்டவும் இயலாது. ஆயினும் கம்பளியணிந்து வியர்வையொடு பாரவண்டி இழுத்தவர்கள், அந்நிலத்தே குழந்தைகளும் குளிர்காலங் கழிப்பதை ஒரு கல்வியாகக் கருதவில்லை. 1903 முதல் 1905 வரை அவ்விடத்தே தங்கிய நோர்வேக்காரர் றோல்ட் அமுன்சன் வேறு வகையினர். நெற்சிலிக் மக்களிடம் பண்டமாற்றாக ஆடை பெற்று, அதனைத் தளர்வாக அணியுமுறையையும் கற்றார். 1911 திசெம்பர் 14இல் தென்துருவம் அடைந்த அவர்தம் குழுவின் உடைப்பொதியில் அக்கல்வியின் பயன் இருந்தது.

பின்னர்த் துவக்கு வந்தது. 1960களில் இயந்திரப் பனிவண்டியும் பரவலாயிற்று. தனியொருவன் விரைந்து சென்று சுட்டு மீளக் கூடியதாயினமையின், பலர் கூடித் துளைகளைக் காக்கும் வழக்கம் தளர்ந்தது. எனினும் கடுங்குளிரிற் கரிபூத் தோலுக்கு நிகரான கடையாடை இல்லையென்று கூறும் வேட்டுவர் இன்றும் உளர். இடர் இப்பொழுது தோலிலேயே வந்திருக்கிறது. மான்தொகை பெரிதும் குறைந்தமையாற் பஃபின் தீவில் 2015 சனவரியிற் கரிபூ வேட்டை முற்றாகத் தடுக்கப்பட்டது. பின்னர் ஓர் எல்லைக்குட்பட்ட எண்ணிக்கைக்கு மட்டுமே அனுமதி அளிக்கப்பட்டது. தோல் அரிதாயவிடத்து, அதனைத் தைக்கக் கற்கும் மகளுக்குத் தாய் எதனைக் கையிற் கொடுப்பாள்?